டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார்

ஆரணியில் பட்டுப் புடவை கொள்ளும் அநுபவசாலிகள் மேல் நிறத்தையும் மினுமினுப்பையும் கண்டு மயங்கார். பாவும் ஊடையும் இழைந்துள்ள வகையை நோக்கியே தரத்தைத் தீர்மானிப்பர். மனித தேகமும் ஒருவகை நெசவே. திசு என நாம் வழங்கும் சொல், நெய்யப்பட்டது எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லினின்று வந்தது. இந்நெசவை உற்று நோக்காமல் புறக்குறிகளை மாத்திரம் நம்புவதால் விளையும் கேட்டைத் தம் குடும்பத்திலேயே கண்டு, அத்துயரைப் பிறர்க்கு நன்மையாக்கியவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் ஆவர்.

இவர் 1886-ஆம் வருஷம் ஜூலை மாதம் 30-ந் தேதி புதுக்கோட்டையில் பிறந்தார். பெண்கள் கல்லூரிப் படியேறுதல் மிக அரிதாயிருந்த அக்காலத்தில் மகாராஜா கல்லூரியிற் பயின்று, 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். சென்னைச் சட்டசபையிலும் தேவதாசி முறையை ஒழிப்பதிலும் அவர் ஆற்றிய தொண்டினை நம்மவர் நன்கறிவராதலின், ஈண்டு விரித்திலம்.

1923-இல் அம்மையாரின் தங்கை இறந்தார். மலக்குடலில் தோன்றிய புற்றுநோயைச் சீதபேதியெனக் கருதிச் சிகிச்சை செய்ததிற் காலம் கழிந்தது. இரத்தமும் சீதமும் வெளிப்படுதல் இரு நோய்க்கும் பொதுவான குறியன்றோ? ஐயமற அறிய வேண்டின், அவ்விடத்தினின்று சிறு சதைத்துண்டு எடுத்து, மெல்லிய சீவல்களாக்கி, சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பில் நோக்குதல் வேண்டும். கட்டி எத்திசுவிற் பிறந்ததென்பதைக் கொண்டே நோயின் பெயரும், பெரும்பாலும் சிகிச்சையும் அமையும். அதன் உயிரணுக்கள் தாய்த் திசுவின் ஒழுங்கைக் காத்திருப்பின், நோய் பெரும்பாலும் மெல்ல வளரும். ஒழுங்கு சிதைந்திருப்பின் விரைந்து பரவும். எனினும், எவ்வளவு தூரம் பரவியுள்ளது என்பதையும் சேர்த்தே பிழைக்கும் வாய்ப்பை மதிப்பர். ஆதலின் காலதாமதம் பெருங்கேடு.

1925-இல் இங்கிலாந்து சென்ற அம்மையார், லண்டனில் புற்றுநோய்க்கெனவே அமைந்த மருத்துவமனையைக் கண்டு, நம் நாட்டிலும் அத்தகையதொன்று வேண்டுமென உறுதி பூண்டார். 1935-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில் அக்கருத்தை வெளியிட்டார். தீரா நோய்க்கு மருத்துவமனை எதற்கென்று எண்ணினோர் பலர். அம்மையார் தளர்ந்தாரில்லை, இந்திய மாதர் சங்கத்தின் துணையோடு பொருள் திரட்டினார். 1952-இல் ஜவஹர்லால் நேரு அடிக்கல் நாட்ட, 1954-இல் சென்னை அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் நிலையம் தொடங்கிற்று. அவருடைய மைந்தர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், பின்னர் டாக்டர் சாந்தாவும் அதனை வளர்த்தனர். 1968-இல் அம்மையார் காலமானார். நிலையமோ இன்றும் ஏழை எளியோர்க்குப் புகலிடமாய் விளங்குகின்றது.

மாணவ நண்பர்களே! வைத்தியம் பயில்வோர் புறக்குறியோடு அமையாது நோயின் இயல்பை ஆராய்வாராக. மற்றையோர், பன்னாள் நீங்காத குறி கண்டவிடத்து உற்றாரை வைத்தியரிடம் விரைந்து அழைத்துச் செல்வாராக. அம்மையாரின் வாழ்க்கையால் நாம் அறியத்தக்கது இதுவே.