கடன் தீர்ந்த மறுநாள்

கடன்பட்டார் படும் துயரத்தைப் பற்றி நம் முன்னோர் மிகுதியாகச் சொல்லியிருக்கின்றனர். கடனைத் தீர்த்தவர் அதன் பிறகு எவ்வாறு வாழ வேண்டும் என்பதைச் சொன்னவர் குறைவே. கடன் இருக்கும்வரை நம் கையை அச்சம் கட்டி வைக்கிறது. கடன் தீர்ந்ததும் அந்த அச்சம் போய்விடுகிறது. பிறகு கையைக் கட்டுவது எது? இவ்வினாவுக்கு விடை தேடுவோருக்குப் பெரிதும் பயன்படும் வாழ்க்கை, அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வெய்னுடையது. அவருடைய வெற்றியும் நமக்குப் பாடம். அவருடைய தவறும் பாடமே.

இளமையும் ஏற்றமும்

சாமுவேல் லாங்ஹார்ன் கிளெமென்ஸ் என்பது அவருடைய இயற்பெயர். 1835ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் மிசௌரி மாநிலத்தில் பிறந்தார். மிசிசிப்பி ஆற்றங்கரையில் உள்ள ஹானிபல் என்னும் சிற்றூரில் வளர்ந்தார். தந்தையார் டென்னசி மாநிலத்தில் பல்லாயிரம் ஏக்கர் நிலத்தை வாங்கிப் போட்டிருந்தார். அந்நிலம் ஒருநாள் மக்களைச் செல்வராக்கும் என்று குடும்பமே நம்பிக் காத்திருந்தது. அந்த நாள் வரவேயில்லை. 1847இல் தந்தையார் மறைந்தபோது வீட்டில் வறுமையே எஞ்சியது. உழையாமல் வரும் பெருஞ்செல்வத்தை எதிர்பார்க்கும் பழக்கம் மட்டும் மகனுக்கு மரபுச் சொத்தாக வந்தது எனலாம்.

அச்சகத்தில் எழுத்துக் கோப்பவராகத் தொழில் பழகினார். பின்னர் நீராவிப் படகோட்டியானார். 1861இல் உள்நாட்டுப் போர் மூண்டதும் ஆற்றுப் போக்குவரத்து நின்றது. நெவாடா சென்று வெள்ளிச் சுரங்கத்தில் செல்வம் தேடினார், கிட்டவில்லை. செய்தித்தாளில் எழுதத் தொடங்கினார், புகழ் கிட்டியது. 1870இல் நிலக்கரி வணிகர் ஒருவரின் மகளான ஒலிவியா லாங்டனை மணந்தார். 1874இல் ஹார்ட்போர்டு நகரில் மாளிகை கட்டிக் குடியேறினார். டாம் சாயர், ஹக்கிள்பெரி ஃபின் ஆகிய சிறுவர்களின் கதைகள் அவருடைய பெயரை உலகெங்கும் கொண்டு சென்றன. வருவாய் பெருகியது. அதனினும் விரைவாகச் செலவு பெருகியது. பணியாளர், விருந்தினர், வண்டி, விழா என்று அம்மாளிகை ஓயாமல் பணத்தை விழுங்கியது.

கடனில் வீழ்ந்த கதை

இரண்டு முயற்சிகள் அவரைக் கவிழ்த்தன. ஒன்று, அச்செழுத்துகளைத் தானே கோக்கும் இயந்திரம். ஜேம்ஸ் பேஜ் என்பவர் அதனை உருவாக்கிக்கொண்டிருந்தார். ஏறத்தாழ 18,000 உறுப்புகள் கொண்ட அந்த இயந்திரம் ஒருநாள் ஓடும், மறுநாள் நின்றுவிடும். எழுத்துக் கோக்கும் உழைப்பைத் தம் கையால் அறிந்தவர் ஆதலால், அதன் ஆற்றலில் அவர் மயங்கினார். 1880 முதல் பதினான்கு ஆண்டுகளில் அதில் அவர் இட்ட பணம் ஒரு லட்சத்து ஐம்பதாயிரம் டாலருக்குக் குறையாது.

மற்றொன்று, 1884இல் தொடங்கிய பதிப்பகம். முன்னாள் குடியரசுத் தலைவர் கிராண்டின் வாழ்க்கை நினைவுகளை வெளியிட்டு அது பெரும் வெற்றி பெற்றது. அவ்வெற்றியே அளவற்ற துணிவைத் தந்தது. பிந்தைய நூல்கள் பல விற்கவில்லை. 1891இல் செலவு தாங்காமல் ஹார்ட்போர்டு வீட்டைப் பூட்டிவிட்டு, சிக்கனம் கருதிக் குடும்பம் ஐரோப்பாவுக்குச் சென்றது. 1893இல் நாடு முழுவதும் பணமுடை ஏற்பட்டது. 1894ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள் பதிப்பகம் நொடித்தது. கடன் ஏறத்தாழ ஒரு லட்சம் டாலர். அப்போது அவருக்கு வயது 58.

முழுக் கடனும் தீர்ந்த விதம்

கடன் கொடுத்தோரிடம் ஒரு பகுதியை மட்டும் தந்து விடுதலை பெறச் சட்டம் இடம் கொடுத்தது. அவ்வழியை அவர் துணைவியார் ஏற்கவில்லை. ஒரு டாலருக்கு ஒரு டாலர் என்று முழுமையாகத் தருவதே முறை என்பதில் அவ்வம்மையார் உறுதியாக நின்றார். எண்ணெய் வணிகத்தில் பெரும் செல்வரான ஹென்றி ராஜர்ஸ் என்னும் நண்பர், கணக்கு வழக்குகளைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டார்.

1895ஆம் ஆண்டு சூலைத் திங்களில், அறுபதை நெருங்கிய வயதில், உடல் நலிவோடு உலகச் சொற்பொழிவுப் பயணம் புறப்பட்டார். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, இலங்கை, இந்தியா, தென்னாப்பிரிக்கா என்று ஓராண்டு அலைந்தார். 1896 சனவரியில் மும்பைக்கு வந்தபோது சமணக் கோயில் ஒன்றைக் கண்டார். 1893இல் சிகாகோ சர்வசமயப் பேரவையில் சமண சமயத்தின் சார்பில் பேசிய வீர்சந்த் காந்தி அவர்களே அக்கோயிலைப் பற்றி அவருக்கு விளக்கினார். அரசர் ஒருவரைச் சமணப் பெருமக்கள் பாராட்டிய நிகழ்ச்சியிலும் அவர் கலந்துகொண்டார். இவற்றையெல்லாம் பின்னர்த் தம் பயண நூலில் எழுதினார். திரும்பும் வழியில் அவருடைய கப்பல் சென்னையிலும் ஒருநாள் நின்றது.

பயணம் முடிந்து இங்கிலாந்தை அடைந்தபோது பேரிடி காத்திருந்தது. தாய்நாட்டில் விட்டுவந்த மூத்த மகள் சூசி, 1896 ஆகஸ்டு 18ஆம் நாள், ஹார்ட்போர்டு வீட்டில் மூளைக்காய்ச்சலால் மறைந்தாள். அவளுக்கு வயது 24. தாயும் தங்கையும் அவளைக் காணக் கப்பலில் சென்றுகொண்டிருந்தனர். தந்தை இங்கிலாந்தில் இருந்தார். கடனுக்காகப் போன பயணம் மகளின் இறுதி நாட்களைப் பெற்றோரிடமிருந்து பறித்துக்கொண்டது. எந்தக் கணக்குப் புத்தகத்திலும் எழுத முடியாத வட்டி அது.

அத்துயரத்தினூடே இலண்டனில் ஒதுங்கி வாழ்ந்து பயண நூலை எழுதி முடித்தார். சொற்பொழிவில் ஈட்டியதும் நூலில் ஈட்டியதும் ராஜர்ஸ் வழியாகக் கடன்காரர்களுக்குச் சென்றன. 1898ஆம் ஆண்டின் தொடக்கத்தில், வியன்னா நகரில் இருந்தபோது, கடைசிக் கடனும் தீர்ந்தது.

மறுநாள்

பள்ளிப் பாடநூலாயின் இவ்வரலாறு இங்கே முடிந்துவிடும். நமக்கு வேண்டிய பாடம் இங்கேதான் தொடங்குகிறது.

கடன் தீர்ந்து சில வாரங்களே ஆகியிருந்தன. யான் ஷ்செபானிக் என்னும் இளம் கண்டுபிடிப்பாளர், நெசவுக்கான கோலங்களை விரைந்து அமைக்கும் ஒரு பொறியை உருவாக்கியிருந்தார். அதனைக் கண்டதும் மார்க் ட்வெய்னின் உள்ளம் மீண்டும் பறக்கத் தொடங்கியது. அமெரிக்க உரிமையை லட்சக்கணக்கான டாலருக்கு வாங்கும் திட்டங்களை ஒரே மூச்சில் வகுத்தார். நல்வினையாக, இம்முறை ராஜர்சைக் கேட்காமல் கையெழுத்திடவில்லை. ராஜர்ஸ், அறிந்தவர்களைக் கொண்டு ஆராய்ந்து, வேண்டாம் என்றார். அவரும் விட்டுவிட்டார். ஒரு கடிதம் கடல் கடந்து போய்த் திரும்பும் காலத்தாழ்வு அவரைக் காத்தது.

அடுத்த முறை அந்தக் காப்பு பயன்படவில்லை. பாலிலிருந்து எடுக்கப்படும் பிளாஸ்மோன் என்னும் சத்துமாவு எல்லா நோய்க்கும் ஏற்ற உணவு என்று நம்பினார். 1900ஆம் ஆண்டு முதல் அந்நிறுவனத்தில் பல்லாயிரம் டாலர்களை இட்டார். அமெரிக்காவில் தொடங்கிய கிளையில் பெரும்பணத்தை இழந்தார். பட்ட துன்பம் இவ்வளவு அருகில் இருந்தும் மனம் பழைய தடத்திலேயே ஓடியது.

எனினும் அவர் மீண்டும் கடனில் மூழ்கவில்லை. காரணம், எஞ்சிய பணம் அவர் கைக்கு எளிதில் எட்டாதவாறு ராஜர்ஸ் அதனைத் தக்க இடங்களில் முதலீடு செய்துவந்தார். துணைவியாரும் வீட்டுச் செலவைக் கண்ணும் கருத்துமாகக் கவனித்தார். பழைய மாளிகையை அவர்கள் மறுபடி திறக்கவில்லை. மகள் இறந்த வீடு என்ற துயரமும் அதன் பெருஞ்செலவும் தடுத்தன. 1903இல் அதனை விற்றுவிட்டனர். 1904இல் துணைவியாரும், 1909இல் ராஜர்சும் மறைந்தனர். 1910ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள் மார்க் ட்வெய்ன் காலமானபோது, அவர் விட்டுச்சென்ற சொத்து ஏறத்தாழ 4 லட்சத்து 70 ஆயிரம் டாலர்.

நமக்குரிய பாடம்

கடனைத் தீர்க்க அவருக்குத் துணிவும் நேர்மையும் போதுமானவையாக இருந்தன. கடனின்றி வாழ வேறொன்று வேண்டியிருந்தது. அது தம்மிடம் குறைவாக இருந்ததால், பிறர் இருவரிடமிருந்து அதனை இரவல் பெற்று வாழ்ந்தார்.

இதனை நான் ஏளனமாக எழுதவில்லை. ஆசிரியப் பணியில் இருந்த நாட்களில், கூட்டுறவுக் கடனின் கடைசித் தவணை பிடித்தம் முடிந்த மாதம் சம்பளமே உயர்ந்துவிட்டது போலத் தோன்றும். அந்த மகிழ்ச்சியிலேயே அடுத்த கடன் மனுவில் கையெழுத்திட்ட ஆசிரியைகள் பலர். அவர்களுள் நானும் ஒருத்தி. தேவையற்ற கட்டிலும் பாத்திரங்களும் வந்தன. தவணையும் கூடவே வந்தது. இரண்டாம் முறை கடன் தீர்ந்தபோதுதான் எனக்கு அறிவு தெளிந்தது. தவணை இன்னும் நடப்பதாகவே எண்ணி, அதே தொகையை மாதந்தோறும் அஞ்சலகச் சேமிப்பில் கட்டினேன். பின்னர் மகள் பிரசவத்திற்கு வந்தபோது யாரிடமும் கை நீட்டாமல் நிற்க முடிந்தது.

இல்லறத்தார்க்குரிய அணுவிரதங்களுள் ஐந்தாவதாக மிகுபொருள் விரும்பாமையை நம் அறநூல்கள் வைத்துள்ளன. பொருள் வரைதல் என்றும் அதற்குப் பெயர். இவ்வளவு போதும் என்று தானே கோடு கிழித்துக்கொள்வதே அவ்விரதம். வறியவர்க்கு அக்கோட்டை வறுமை கிழிக்கிறது. கடனாளிக்குக் கடன்காரர் கிழிக்கிறார். கடனில்லாதவர் தம் கையாலேயே கிழித்துக்கொள்ள வேண்டும். ஆகவேதான் அது விரதமாயிற்று.

எனவே, கடன் தீர்ந்த இல்லத்தார் மூன்று செயல்களைக் கைக்கொள்ளலாம். தவணைத் தொகையைத் தொடர்ந்து சேமிப்பில் இடுக. பெரிய பொருள் எதையும் கண்ட அன்றே வாங்காமல் ஒரு திங்கள் பொறுத்திருந்து வாங்குக. வீட்டில் வேண்டாம் என்று சொல்லும் துணிவுடையவர் ஒருவரைக் கேட்காமல் கையெழுத்திடாது இருக்க. கைப்பேசியைத் தொட்டாலே பொருள் வாசலுக்கு வந்துவிடும் இந்நாளில், கடிதம் கடல் கடந்து திரும்பும் கால இடைவெளியை நாமேதான் உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.