விடுபட்ட எண்

கோட்டையூர் தந்த வள்ளல் அழகப்பச் செட்டியார் 1950இல் சென்னையில் கணித ஆய்வு நிலையம் ஒன்றை நிறுவினார். தம் பெயரை அதற்குச் சூட்டாமல், முப்பது ஆண்டுகளுக்கு முன் மறைந்த இராமானுசன் பெயரைச் சூட்டினார். செட்டிநாட்டுச் செல்வம் தேடிச்சென்று சிறப்பித்த அம்மேதையை அறிய, அவர் ஆராய்ந்த எண்களுள் ஒன்றையேனும் நெருங்கிக் காணுதல் வேண்டும்.

1887 திசம்பர் 22இல் ஈரோட்டில் பிறந்து குடந்தையில் வளர்ந்த இராமானுசன், கணிதம் ஒழிந்த பாடங்களைப் புறக்கணித்ததால் கல்லூரி உதவித்தொகையை இழந்தார். தாள் வாங்கக் காசில்லை. கற்பலகையில் எழுதி, முழங்கையால் அழித்து, முடிவுகளை மட்டும் குறிப்பேட்டில் பதிந்தார். வழிமுறை கூறாது முடிவு கூறும் அவர்தம் வழக்கத்திற்கு வறுமையும் ஒரு காரணம். 1912இல் சென்னைத் துறைமுகத்தில் எழுத்தர் பணி, 1913இல் கேம்பிரிட்சு அறிஞர் ஆர்டிக்கு மடல், 1914இல் கடற்பயணம். இவை பலரும் அறிந்தவை.

1915இல் இலண்டன் கணிதக் கழகம் வெளியிட்ட, உயர் பகு எண்களைப் பற்றிய அவரது கட்டுரை நம்மிடையே அத்துணை அறியப்படவில்லை. தன்னினும் சிறிய எந்த எண்ணைக் காட்டிலும் மிகுதியான காரணிகளை உடையது உயர் பகு எண். 12ஐ 1, 2, 3, 4, 6, 12 என்னும் ஆறும் மீதியின்றி வகுக்கும். அதற்குக் கீழ் எந்த எண்ணுக்கும் நான்குக்கு மேற்பட்ட காரணிகள் இல்லை. பாகம் பிரிக்கும் பங்காளிகளுக்கு உகந்த எண்தான்!

இராமானுசன் கணித்த 102 எண்களின் அட்டவணை 67,46,32,83,88,800இல் முடிகிறது. அதனைப் பகுத்தால் 2 ஆறு முறையும், 3 நான்கு முறையும், 5, 7 இவ்விரு முறையும், 11, 13, 17, 19, 23 ஒவ்வொரு முறையும் பெருகி நிற்கக் காண்கிறோம். காரணிகள் 10,080. பகா எண் வரிசையில் இடையே ஒன்றும் விடுபடாது. சிறியது வரும் முறை பெரியது வரும் முறையினும் குறையாது. 4, 36 நீங்கலாக, இறுதிப் பகா எண் ஒருமுறையே வரும். உயர் பகு எண் ஒவ்வொன்றுக்கும் உரிய இலக்கணமாக இவற்றை அவர் நிறுவினார். யாப்பறிந்தோர்க்கு ஒழுங்கு புதிதன்று; ஆயினும் எவரும் கட்டாமலே எண்ணுக்குள் இக்கட்டமைப்பு அமைந்திருத்தல் வியப்பே.

அவ்வட்டவணையில் ஓர் எண் விடுபட்டுப்போயிற்று: 2,93,31,86,25,600. காரணிகள் 5,040. இதனை 23ஆல் பெருக்கினால் அட்டவணையின் கடைசி எண்ணே வருகிறது. பெரியதை எட்டிப்பிடித்தவர், அதனுள்ளேயே அடங்கிய சிறியதைத் தவறவிட்டார். கனவில் தெய்வம் எண்ணுரைத்தது என்னும் கதையை விரும்புவோர் இவ்விடத்தே சற்று நிற்கலாம். இது விழித்திருந்து, கணிப்பொறியின்றிக் கையால் தேடியவரின் பிழை.

அக்கட்டுரைக்காக 1916இல் கேம்பிரிட்சு பட்டம் வழங்கியது. ஆனால் அது முழுமையாக அச்சேறவில்லை. கழகத்திற்குப் பணமுடை, செலவைக் குறைக்க ஒரு பகுதியை இராமானுசனே விலக்கினார். குடந்தையில் வாட்டிய தாள் பஞ்சம் கடல் கடந்தும் தொடர்ந்தது போலும். 1918இல் அரசுக் கழகத்தின் உறுப்பினராக உயர்ந்து, 1919இல் நோயுடன் தாயகம் மீண்டு, 1920 ஏப்ரல் 26இல் சென்னைச் சேத்துப்பட்டில் 32 வயதில் மறைந்தார். விலக்கிய பகுதி 1988இல் கையெழுத்து நகலாகவும், 1997இல் பிரெஞ்சு அறிஞர் இருவரின் குறிப்புரையோடும் வெளிவந்தது.