சீப்பு வைத்திருந்த வீரர்

ஞாயிறு காலைதோறும் நம் விடுதி வாயிலில் சைக்கிள்கள் கூடுவதை அன்பர்கள் அறிவீர்கள். ஊரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, தேநீர்க் கடையில் நாலு வார்த்தை தமிழ் பேசித் திரும்புவது நம் வழக்கம். சென்ற ஆண்டு அக்கூட்டத்தில் புதிதாக ஒரு தம்பி வந்து சேர்ந்தான். உடலோடு ஒட்டிய பந்தயச் சட்டை, வெள்ளைக் காலுறை, பளபளக்கும் சங்கிலி! கடை வந்ததும் முகம் துடைத்துத் தலை வாரிக்கொள்வான், பிறகுதான் தேநீர். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டி மிதிக்கும் நான் சும்மா இருப்பேனா? அவனுக்கு மாப்பிள்ளை என்று பெயர் சூட்டினேன். எல்லாரும் சிரித்தார்கள். மூன்றாம் வாரத்தோடு தம்பி வருவதை நிறுத்திக்கொண்டான்.

அந்த உறுத்தல் மனத்தில் இருந்த நாளில்தான் ஹியூகோ கோப்லெட்டின் வரலாற்றைப் படிக்க நேர்ந்தது.

கோப்லெட் 1925இல் ஸ்விட்ஸர்லாந்தின் ஸூரிக் நகரில், ரொட்டிக் கடை வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவர். 1950இல் இத்தாலியைச் சுற்றிவரும் ஜீரோ பந்தயத்தில் வென்றார். இத்தாலியர் அல்லாத ஒருவர் அதில் வென்றது அதுவே முதல் முறை. முதலிடத்தில் இருப்பவர் அணியும் இளஞ்சிவப்புச் சட்டையை வேற்று நாட்டார் ஒருவர் தம் வீட்டுக்கே கொண்டு போய்விட்டார்!

அக்காலத்துப் பந்தய வீரரின் கோலத்தைச் சற்றே எண்ணிப் பாருங்கள். மழையில் நனைந்தால் கனத்துத் தொங்கும் கம்பளிச் சட்டை. உள்ளே மென்தோல் வைத்துத் தைத்த கம்பளிக் கால்சட்டை. தோள்களின் குறுக்கே பூணூல்போல் மாட்டிய உபரி டயர். சட்டைப் பைகளில் தின்பண்டங்கள். முகமெல்லாம் புழுதி. கோப்லெட்டின் பையிலோ இவற்றோடு ஒரு சீப்பும், ஈரப் பஞ்சும் இருந்தன.

1951ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் நாள். பிரான்ஸைச் சுற்றிவரும் பந்தயத்தில் பிரீவ் நகரிலிருந்து ஆஜான் வரை 177 கிலோமீட்டர் ஓட வேண்டும். ஏறத்தாழ 40 கிலோமீட்டர் கழிந்ததும் கோப்லெட் தனியே முன்னே பாய்ந்தார். பின்னால் துரத்தியவர்கள் சாமானியர்களா? கொப்பி, பார்த்தாலி, பொபே, ஜெமினியானி ஆகிய பெருவீரர்கள். ஒருவர் மாற்றி ஒருவர் முன்னின்று காற்றைத் தாங்கியும் அவர்களால் பிடிக்க முடியவில்லை. தனியாக 135 கிலோமீட்டர் ஓடி, 2 நிமிடம் 35 விநாடி முன்னதாக வந்து சேர்ந்தார் கோப்லெட். முகத்தைத் துடைத்தார், தலையை வாரினார், மற்றவர்கள் எவ்வளவு பின்தங்கினார்கள் என்று கடிகாரத்தில் பார்த்துக்கொண்டு நின்றார். வசீகர மிதியாளர் என்ற பட்டத்தை ஒரு பிரெஞ்சுப் பாடகர் அவருக்குச் சூட்டினார். மஞ்சள் சட்டையோடு அவர் பாரிஸ் சேர்ந்தபோது, இரண்டாமவர் 22 நிமிடம் பின்னே இருந்தார்.

இதைப் படித்தபோது எனக்கு ஒன்று புரிந்தது. ஒப்பனை உழைப்புக்குப் பகையன்று. வழிநெடுகக் காத்து நின்ற மக்கள்முன் நல்ல முகத்தோடு நிற்பதும் ஒரு மரியாதைதானே?

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1953இல் ஜீரோவின் இறுதிக் கட்டம். இளஞ்சிவப்புச் சட்டை கோப்லெட்டின் தோளில் இருந்தது. போல்சானோ நகரில் அன்றைய வெற்றியைக் கொப்பிக்கு அவர் பெருந்தன்மையோடு விட்டுக்கொடுத்தார் என்பார்கள். முழுப் பந்தயமும் இனிக் கோப்லெட்டுக்கே என்பது பேச்சு. மறுநாள் ஸ்டெல்வியோ மலை. கோப்லெட் கறுப்புக் கண்ணாடி அணிந்திருந்தார். கொப்பியின் தோழர் ஒருவர் ஏதோ சாக்குச் சொல்லி அதைக் கழற்றவைத்து, கண்களில் தெரிந்த களைப்பைக் கண்டு தலைவருக்குச் செய்தி சொன்னார் என்று ஒரு கதை வழங்குகிறது. கொப்பி மலையில் தாக்கினார். பந்தயம் 1 நிமிடம் 29 விநாடியில் கைமாறியது.

அதன்பின் பிரெஞ்சுப் பந்தயத்தில் கோப்லெட் விழுந்தார், விலகினார். பழைய வலிமை முழுமையாகத் திரும்பவில்லை. 1958இல் ஓய்வு பெற்றார். மணவாழ்வும் பணமும் கைநழுவின. 1964 நவம்பரில் அவருடைய கார் சாலையோரப் பேரிக்காய் மரத்தில் மோதியது. சில நாளில் இறந்தார், வயது 39. விபத்தா, அவரே தேடிக்கொண்ட முடிவா என்ற கேள்வி இன்றும் இருக்கிறது.

அவருடைய கண்ணாடிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எதிரணி பார்த்தது, வெல்வதற்காகப் பார்த்தது. அன்பினால் பார்த்தவர் எத்தனை பேர்? இக்கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை.

மறுநாளே தம்பியின் அறைக் கதவைத் தட்டினேன். மன்னிப்புக் கேட்டேன். நெடுநேரம் தயங்கிவிட்டு அவன் சொன்னான்: இரண்டு பாடங்களில் தேறவில்லையாம், வீட்டுக்கு இன்னும் தெரியாதாம், ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் மனத்துக்குத் தெம்பாக இருந்ததாம். அதையும் நான் பறித்துவிட்டேனே! நன்றாக உடுத்தியவனுக்குக் குறையேது என்று எண்ணியிருந்தது என் அறியாமை.

அன்றிரவே அவன் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினான். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இப்போது மீண்டும் ஞாயிறுதோறும் வருகிறான். என் சட்டைப் பையிலும் ஒரு சீப்பு இருக்கிறது. வாருவதற்குத் தலையில் அதிகம் இல்லை; ஆயினும் இருக்கட்டும்.