ஒரே ஒரு மாணவி!

மரத்தடியில் பள்ளி தொடங்கிய ருக்மிணி தேவியின் கதை

சென்னை அடையாற்றில் ஒரு மரம். அதன் நிழலில் ஒரு நாட்டியப் பள்ளி.

கட்டிடம் கிடையாது. மேடை கிடையாது. கையில் பெரிய முதலும் கிடையாது. மாணவிகள் எத்தனை பேர்? ஒரே ஒருத்தி!

அது 1936-ம் ஆண்டு ஜனவரி 6-ந் தேதி. பள்ளியைத் தொடங்கிய பெண்மணிக்கு அப்போது வயது 31. நல்ல குடும்பத்துப் பெண்கள் ஆடலாமா என்று ஊரே கேட்டுக்கொண்டிருந்த காலம் அது.

அந்தப் பெண்மணிதான் ருக்மிணி தேவி அருண்டேல். அந்த மரத்தடிப் பள்ளிதான் இன்று உலகம் அறிந்த கலாக்ஷேத்ரா.

என்ஜினீயர் மகள்

ருக்மிணி தேவி 1904-ம் ஆண்டு பிப்ரவரி 29-ந் தேதி மதுரையில் பிறந்தார். நாலு வருடத்துக்கு ஒரு முறைதான் அவருக்குப் பிறந்த நாள்!

தந்தை நீலகண்ட சாஸ்திரி. பொதுப்பணி இலாகாவில் என்ஜினீயர். தாயார் சேஷம்மாள். அவருக்குச் சங்கீதம் என்றால் உயிர்.

நீலகண்ட சாஸ்திரிக்குப் பிரம்மஞான சபையில் ஈடுபாடு. வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அடையாற்றில் சபைக்குப் பக்கத்திலேயே வீடு கட்டிக் குடியேறினார். அன்னி பெசன்ட் அம்மையாரின் அன்பு அந்தக் குடும்பத்துக்குக் கிடைத்தது.

அங்கேதான் ஜார்ஜ் அருண்டேலை ருக்மிணி சந்தித்தார். அருண்டேல் ஆங்கிலேயர். கல்விப் பணிக்காக இந்தியாவுக்கு வந்தவர்.

1920-ம் ஆண்டு இருவருக்கும் பம்பாயில் கல்யாணம் நடந்தது. பெண்ணுக்கு வயது 16. மாப்பிள்ளையோ நாற்பதைத் தாண்டியவர். அதுவும் வெள்ளைக்காரர்!

சென்னை கொந்தளித்தது. சாஸ்திரி வீட்டுப் பெண் இப்படிச் செய்யலாமா என்று திண்ணைக்குத் திண்ணை பேச்சு. ருக்மிணி எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டார். ஊர்ப் பேச்சுக்கு அஞ்சாத மனம் அப்போதே அவருக்கு வாய்த்துவிட்டது.

கப்பலில் கிடைத்த வழி

கணவரோடு பல நாடுகளுக்குப் போனார் ருக்மிணி தேவி. ஒரு முறை ஆஸ்திரேலியாவுக்குப் பயணம். அதே கப்பலில் உலகப் புகழ் பெற்ற ரஷ்ய நடனமணி அன்னா பாவ்லோவாவும் இருந்தார்.

இருவரும் சிநேகிதிகள் ஆனார்கள். பாவ்லோவாவின் குழுவைச் சேர்ந்த கிளியோ நார்டி என்பவரிடம் ருக்மிணி தேவி பாலே நடனம் கற்றார்.

ஆனால் உன் நாட்டிலேயே பெரிய நடனக்கலை இருக்கிறது, அதைத் தேடிப் பார் என்று பாவ்லோவா சொல்லிவிட்டார். ரஷ்யப் பெண்மணி சொல்லித்தான் தமிழ்ப் பெண் தன் வீட்டுப் புதையலைத் தேடப் புறப்பட்டார்!

பழி சுமந்த கலை

அந்தக் கலைக்கு அப்போது சதிர் என்று பெயர். கோவிலிலும் அரண்மனையிலும் தேவதாசிகள் ஆடியது. அவர்களும், ஆட்டுவித்த நட்டுவனார்களும் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்தது.

தேவதாசி முறையால் பெண்கள் பட்ட துன்பம் கொஞ்சநஞ்சமல்ல. அதை ஒழிக்க டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி போராடினார். சென்னை மாகாணத்தில் 1947-ல் சட்டமும் வந்தது.

அந்தப் போராட்டம் நியாயமானது. ஆனால் அந்த வேகத்தில் ஆட்டத்தின் மேலும் பழி விழுந்தது. சதிர் என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளித்தார்கள்.

வக்கீல் இ.கிருஷ்ணய்யர் மட்டும் விடவில்லை. தாமே பெண் வேடம் போட்டு ஆடிக் காட்டி, கலையைக் காப்பாற்றுங்கள் என்று வாதாடினார். அவர் முயற்சியால் சென்னை சங்கீத வித்வத் சபையில் சதிர்க் கச்சேரிகள் நடந்தன. 1933-ல் அங்கே பந்தநல்லூர்ப் பாணி நாட்டியத்தைப் பார்த்தார் ருக்மிணி தேவி. மனதைப் பறிகொடுத்தார்.

முப்பது வயதில் அரைமண்டி

பார்த்தால் போதுமா? ஆட வேண்டாமா?

முதலில் மயிலாப்பூர் கௌரி அம்மாளிடம் கற்றார். கபாலீசுவரர் கோவிலில் ஆடிய பரம்பரையைச் சேர்ந்தவர் அவர். பிறகு பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேர்ந்தார். பெரியவர் முதலில் தயங்கினார். பின்பு இணங்கினார்.

பரதநாட்டியம் லேசான வித்தை அல்ல. முதல் பாடமே அரைமண்டி. முழங்கால்களைப் பக்கவாட்டில் மடக்கி, முதுகை நிமிர்த்திப் பாதி உட்கார்ந்த நிலையில் நிற்க வேண்டும். தட்டுக்கழியின் ஒலிக்கு ஏற்பப் பாதத்தைத் தரையில் அறைய வேண்டும். ஒரே அடவை முதல் காலத்தில், இரண்டாம் காலத்தில், மூன்றாம் காலத்தில் என்று வேகத்தைக் கூட்டிச் செய்ய வேண்டும்.

தொடை நடுங்கும். கணுக்கால் கடுக்கும். வியர்வை கொட்டும். ஏழு, எட்டு வயதில் தொடங்க வேண்டிய பயிற்சி அது. ருக்மிணி தேவி முப்பது வயதை ஒட்டித் தொடங்கினார்!

1935-ம் ஆண்டு டிசம்பரில் பிரம்மஞான சபையின் வைர விழா. அடையாற்றில் திறந்த வெளியில் அவர் ஆடினார். எதிர்ப்பு இருந்தது. ஆனாலும் பார்க்க வந்தவர்கள் பலர். பார்த்தவர்கள் மனம் மாறினார்கள்.

அடுத்த மாதமே மரத்தடியில் பள்ளி. அந்த முதல் மாணவி ராதா, அவருடைய அண்ணன் மகள்.

நடத்திய விதம்

பள்ளி தொடங்குவது ஒரு நாள் வேலை. நடத்துவது தினந்தோறும் வேலை. ருக்மிணி தேவியின் சாமர்த்தியம் அங்கேதான் தெரிந்தது.

பெரிய வித்துவான்களை அழைத்து வந்தார். டைகர் வரதாச்சாரியார், பாபநாசம் சிவன், மைசூர் வாசுதேவாச்சாரியார் எல்லோரும் அங்கே சங்கீதம் கற்பித்தவர்கள். கேரளத்திலிருந்து கதகளி ஆசான்களும் வந்தார்கள்.

ஆடுகிறவர்களுக்கு நல்ல சேலை வேண்டுமே! பள்ளிக்குள்ளேயே தறி போடச் செய்தார். பழைய கோவில் நகரங்களின் கரைகளையும் வண்ணங்களையும் தேடிப் பிடித்து நெய்ய வைத்தார். கலாக்ஷேத்ரா சேலை என்று அதற்குத் தனிப் பெயரே வந்துவிட்டது.

பணம் உள்ளவர் பிள்ளைகள் மட்டும் படிக்கும் இடமாக அது இருக்கவில்லை. 1953-ல் கேரளத்தின் பய்யனூரிலிருந்து, பிள்ளைகள் நிறைந்த ஓர் ஏழை வீட்டுப் பையன் வந்து சேர்ந்தான். பிற்காலத்தில் பெரும்புகழ் பெற்ற வி.பி.தனஞ்செயன்தான் அந்தப் பையன்.

தாளம் கைமாறியது

1940-களின் முற்பகுதியில் ஒரு சோதனை. மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மருமகன் சொக்கலிங்கம் பிள்ளை அப்போது பள்ளியின் நட்டுவனார். அவர் பள்ளியை விட்டு விலகினார்.

நட்டுவனார் இல்லாமல் நாட்டியம் ஏது? அந்நாளில் தாளம் தட்டி ஆட்டுவிப்பது பெரும்பாலும் பரம்பரை நட்டுவனார்களின் வேலை. பள்ளி இதோடு முடிந்தது என்றே நினைக்கத் தோன்றும்.

ருக்மிணி தேவி தாளத்தைத் தம் கையில் எடுத்தார். மாணவிகளுக்கும் நட்டுவாங்கம் பழக்கினார். ஒருவர் போனாலும் பள்ளி நிற்கக் கூடாது என்பதை அந்தச் சோதனை கற்றுக்கொடுத்தது.

1944-ல் குற்றாலக் குறவஞ்சியை நாட்டிய நாடகமாக மேடையேற்றினார். 1955 முதல் இராமாயணத்தை ஆறு நாட்டிய நாடகங்களாகப் பிரித்து அமைத்தார். முடிய 15 வருடங்கள் ஆயின.

மாற்றுக் கருத்து

எல்லோரும் அவரை ஏற்றுக்கொண்டார்கள் என்று சொல்ல முடியாது.

சதிரில் சிருங்கார ரசம் மிகுந்த சில பதங்களை ருக்மிணி தேவி ஒதுக்கினார். பக்தியை முன்னிறுத்தினார். பரம்பரைக் கலைஞரான பாலசரசுவதி இதை ஒப்பவில்லை. சிருங்காரமே இந்தக் கலையின் உயிர், அதில் கழுவ வேண்டிய அழுக்கு எதுவும் இல்லை என்பது அவர் கட்சி.

இன்னொரு உண்மையும் உண்டு. மேடை புதியவர்களுக்குத் திறந்தபோது, அதைக் காத்து வந்த குடும்பத்துப் பெண்கள் பலர் மேடையை இழந்தார்கள். கௌரி அம்மாளைப் போன்றவர்கள் கற்றுக்கொடுத்திராவிட்டால் மரத்தடிப் பள்ளியே இல்லை. இதை மறக்கலாகாது.

மணல் காடு சோலையானது

1945-ல் அருண்டேல் காலமானார். சில ஆண்டுகளில் சபையின் நிலத்தை விட்டுப் பள்ளி வெளியேற வேண்டிய நிலை வந்தது.

எங்கே போவது? திருவான்மியூர் அப்போது நகரத்துக்கு வெளியே கிடந்த கடற்கரைக் கிராமம். அங்கே மணற்பாங்கான நிலம் கிடைத்தது. சுமார் 100 ஏக்கர். மரங்களை நட்டார்கள். ஓடு வேய்ந்த எளிய வகுப்புகளைக் கட்டினார்கள். 1962-ல் கலாக்ஷேத்ரா அங்கே குடியேறியது.

வேண்டாம் என்ற பதவி

1952-ல் ருக்மிணி தேவி ராஜ்ய சபை அங்கத்தினராக நியமிக்கப்பட்டார். அங்கே வாயில்லாப் பிராணிகளுக்காகப் பேசினார். மிருகவதைத் தடுப்புக்காக அவர் கொண்டுவந்த மசோதாவே, 1960-ல் அரசாங்கம் சட்டம் இயற்ற வழி வகுத்தது.

1977-ல் பெரிய அழைப்பு ஒன்று வந்தது. ஜனாதிபதி பதவிக்கு நிற்கச் சொல்லிக் கேட்டார் பிரதமர் மொரார்ஜி தேசாய். டெல்லி மாளிகை! நாட்டின் முதல் குடிமகள் என்ற பெருமை!

ருக்மிணி தேவி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். திருவான்மியூர் ஓட்டு வகுப்புகளை விட்டுப் போக அவருக்கு மனம் வரவில்லை.

1986-ம் ஆண்டு பிப்ரவரி 24-ந் தேதி அவர் காலமானார். பள்ளிக்கு அப்போது வயது 50.

1993-ல் பாராளுமன்றம் சட்டம் இயற்றி, கலாக்ஷேத்ராவைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த ஸ்தாபனமாக அறிவித்தது. அங்கே படித்தவர்கள் ஊர் ஊராக, நாடு நாடாகப் பள்ளி தொடங்கினார்கள். அடையாறு கே.லட்சுமணன், தனஞ்செயன் தம்பதிகள் என்று அந்த வரிசை நீளும்.

இன்று சின்ன ஊர்களில்கூட, மாலையானால் காலில் சலங்கை கட்டிக்கொண்டு சிறுமிகள் வகுப்புக்குப் போகிறார்கள். கொண்டுபோய் விடுவது அப்பாவும் தாத்தாவும்தான். நல்ல குடும்பத்துப் பெண் ஆடலாமா என்று இப்போது யாரும் கேட்பதில்லை.

1936-ல் கேட்டார்கள். அன்று மரத்தடியில் இருந்தது ஒரே ஒரு மாணவி!