படிகங்களை அளந்தவர்

கிடர்பூர்த் துறைமுகத்திலிருந்து வடகிழக்கே சில கிலோமீட்டர் தொலைவில் பௌபஜார் பகுதி உள்ளது. அங்கே 210ஆம் எண் கட்டடத்தில் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் அக்காலத்தில் இயங்கி வந்தது. 1923இல் தமிழ் இளைஞர் ஒருவர் அங்கு ஆராய்ச்சியாளராகச் சேர்ந்தார். அவரே கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன்.

அவர் 1898ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் வத்திராயிருப்பில் பிறந்தார். மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்றார். இயற்பியலின் மீது கொண்ட வேட்கையே அவரைக் கல்கத்தாவிற்கு அழைத்து வந்தது.

கழகத்தில் சர் சி. வி. இராமனுக்குக் கிருஷ்ணன் துணைநின்றார். 1928இன் தொடக்கத்தில் நீர்மங்களைத் தூய்மைப்படுத்தி, அவற்றினூடே கதிரவன் ஒளியைச் செலுத்தி, சிதறிவரும் ஒளியை நாள்தோறும் உற்று நோக்கினார். இராமன் விளைவு புலப்பட்டது. அதனை உலகிற்கு அறிவித்த முதற்குறிப்பில் இருவர் பெயரும் இருந்தன. ஆயினும் 1930ஆம் ஆண்டின் நோபல் பரிசு இராமனுக்கு மட்டுமே வழங்கப்பட்டது. அப்போது கிருஷ்ணன் டாக்கா பல்கலைக்கழகத்தில் வேறொரு வினாவில் மூழ்கியிருந்தார்.

படிகம் ஒன்றின் காந்தப் பண்பு எல்லாத் திசைகளிலும் ஒன்றுபோல் இருக்குமா என்பதே அவ்வினா. கடுகளவேயான படிகத்தின் பண்பை எவ்வாறு அளப்பது? பானர்ஜி என்பாருடன் இணைந்து அவர் ஒரு வழி கண்டார். படிகத்தை மிக மெல்லிய இழையில் கட்டி, காந்தத்தின் இரு முனைகளுக்கிடையே தொங்கவிட்டார். படிகம் தனக்கு உகந்த திசையில் நிலைத்து நின்றது. இழையின் மேல்நுனியைச் சிறிது சிறிதாக முறுக்கினார். படிகம் மெல்ல மெல்லவே திரும்பியது. முறுக்கு ஓர் எல்லையைத் தாண்டியதும் சட்டென்று புரண்டது. அந்த எல்லையைக் கொண்டு, திசைக்குத் திசை காந்தப் பண்பு எவ்வளவு வேறுபடுகிறது என்பதைத் துல்லியமாகக் கணக்கிட்டார். விலையுயர்ந்த கருவி எதுவுமின்றிச் செய்த வேலை இது!

1933இல் மீண்டும் கல்கத்தாவிற்கு வந்து அதே கழகத்தில் பேராசிரியரானார். பென்சிலின் உள்ளிருக்கும் கரிய பொருளான கிராஃபைட்டையும் ஆராய்ந்தார். அது தாள்களை அடுக்கியதுபோல் மெல்லிய அடுக்குகளால் ஆனது. அடுக்கின் வழியே மின்சாரம் எளிதாகப் பாய்கிறது. அடுக்குகளைக் குறுக்கே கடப்பதோ அதற்கு அரிது. இரண்டிற்கும் இடையே ஏறத்தாழ 10,000 மடங்கு வேறுபாடு உண்டெனக் கங்குலியுடன் சேர்ந்து 1939இல் வெளியிட்டார்.

அடுத்த ஆண்டே இலண்டன் இராயல் கழகம் அவரை உறுப்பினராக்கியது. 1942இல் அலகாபாத் சென்றார். நாடு விடுதலை பெற்ற 1947இல் புதுதில்லித் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரானார். 1961இல் மறைந்தார்.

கிருஷ்ணன் மின்கலம் எதையும் செய்தவரல்லர். எனினும், கைப்பேசிக்கு மின்னேற்றும்போது அதன் கலத்திலுள்ள லித்தியம் அயனிகள் சென்று தங்குவது பெரும்பாலும் கிராஃபைட்டின் அந்த அடுக்குகளுக்கிடையேதான். மின்னாற்றலைப் பயன்படுத்தும்போது அவை வெளியேறுகின்றன. லித்தியம் அயனிக் கலங்கள் 1991இல் விற்பனைக்கு வந்தன. அப்போது அவர் மறைந்து முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.