மொட்டை மாடி டிஷ்ஷும் ஜகதீஷ் சந்திர போஸும்

நம் மொட்டை மாடியில் நிற்கும் டிஷ் ஆன்டெனாக்களின் முன்னால் ஒரு சிறு பெட்டி நீட்டிக்கொண்டிருக்கும். அதன் பிளாஸ்டிக் மூடிக்குள் ஒரு புனல் இருக்கிறது. தட்டு குவித்துத் தரும் அலையை வாங்கிக்கொள்வது அதுதான். அப்படியொரு புனலை 1890-களிலேயே கல்கத்தாவில் செய்து பயன்படுத்தியவர் ஜகதீஷ் சந்திர போஸ். செடிக்கும் உணர்வு உண்டு என்று சொன்னவராகத்தான் நமக்கு அவரைத் தெரியும். அது பிற்பாடு நடந்தது.

1858-இல் இன்றைய வங்கதேசத்தின் மைமன்சிங்கில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் படித்துவிட்டு வந்து, 1885-இல் பிரசிடென்சி கல்லூரியில் சேர்ந்தார். வெள்ளைக்காரருக்கு ஒரு சம்பளம், இந்தியருக்கு அதைவிடக் குறைவு. போஸ் வகுப்பை விடாமல் எடுத்தார். சம்பளத்தை மட்டும் தொடவில்லை. மூன்று வருடம்! அப்பாவின் கடன் வேறு தலைமேல் இருந்தது. கடைசியில் நிர்வாகம் இறங்கி வந்து, முழுச் சம்பளத்தையும் பாக்கியோடு கொடுத்தது.

ஆய்வுக்கு வசதி கிடையாது. ஒரு தகரவேலைக்காரரை வைத்துக்கொண்டு கருவிகளைச் செய்தார். ஜெர்மனியில் ஹெர்ட்ஸ் உண்டாக்கிய அலைகள் அரை மீட்டருக்கு மேல் நீளம். போஸ் அதை 5 மில்லிமீட்டர் வரை குறைத்தார். அலை குட்டையானால் ஆன்டெனாவும் சின்னதாகிவிடும். மேசைமேலேயே சோதனையை முடித்துவிடலாம். 1895-இல் கல்கத்தா டவுன் ஹாலில், சுவருக்கு அப்பால் இருந்த மணியை ஒலிக்கவைத்து, வெடிமருந்தையும் பற்றவைத்துக் காட்டினார். 1897-இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இதைப் பற்றிப் பேசினார்.

ஆனால் உலகம் மார்க்கோனி பக்கம் போனது. நீண்ட அலை கடலைத் தாண்டும், கப்பலுக்கு உதவும். போஸின் அலையோ ஒளி மாதிரி நேராகத்தான் போகும். நம் ராஜகிரி மலைக்கு இந்தப் பக்கத்திலிருந்து அனுப்பினால் அந்தப் பக்கம் போய்ச் சேராது. வானத்திலிருந்து வருவதற்கு அந்தத் தடை இல்லை. இன்று நம் டிஷ்ஷுக்கு வரும் அலையின் நீளம் சுமார் 2.5 சென்டிமீட்டர், போஸ் கையாண்ட அளவுகளில் அதுவும் ஒன்று. ஓடும் கப்பலிலும் வேனின் கூரையிலும் செயற்கைக்கோள் ஆன்டெனாவைப் பொருத்த முடிவதும் அலை இவ்வளவு குட்டையாக இருப்பதால்தான்.

அலையைக் கண்டறியும் கருவி ஒன்றுக்கு, நண்பர்கள் வற்புறுத்தியதால், 1904-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். அதை வைத்துக் காசு பண்ண முனையவில்லை. அதற்குள் மனம் செடிகளிடம் போய்விட்டது. 1917-இல் கல்கத்தாவில் தன் பெயரிலான ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். 1937 நவம்பரில் கிரிடியில் காலமானார். முதல் செயற்கைக்கோள் வானில் ஏறியது அதற்கு 20 வருடம் கழித்து.