சிறை சென்ற ஏழிசை மன்னர்

எம்.கே. தியாகராஜ பாகவதர் என்றதும் நம் திருவண்ணாமலைப் பெரியவர்களுக்கு அவருடைய பாட்டுத்தான் நினைவுக்கு வரும். அவர் ஆயுள் தண்டனைக் கைதியாகவும் இருந்தவர் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

1910-இல் மாயவரத்தில் பிறந்து திருச்சியில் வளர்ந்தவர். 1944 தீபாவளிக்கு வெளியான ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. ஆனால் படம் வந்த சில வாரங்களிலேயே, திரைக்கலைஞர்களைப் பற்றி அவதூறு எழுதிவந்த ‘இந்துநேசன்’ ஆசிரியர் லட்சுமிகாந்தன் வேப்பேரியில் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். அந்தக் கொலைச் சதியில் பங்குண்டு என்று பாகவதரும் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனும் கைது செய்யப்பட்டனர். 1945 மே மாதம் இருவருக்கும் ஆயுள் தண்டனை. உயர்நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. திரையரங்கில் அவர் குரல் ஒலித்துக்கொண்டிருக்க, அவரோ சிறைக்குள்!

வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில்வரை போனது. மேல்முறையீட்டை மீண்டும் விசாரிக்கும்படி அங்கே உத்தரவானது. 1947 ஏப்ரலில் உயர்நீதிமன்றம் இருவரையும் விடுதலை செய்தது. (லண்டன்வரை போக வசதியில்லாத ஏழையாக இருந்திருந்தால்? நம்மால் யோசிக்காமல் இருக்க முடியவில்லை.)

நீதிமன்றம் துடைத்த பழியை ஊர்வாய் துடைக்குமா? கலைவாணர் மறுபடியும் மக்களைச் சிரிக்க வைத்தார். பாகவதருக்கோ ‘ராஜமுக்தி’, ‘அமரகவி’ என்று வந்த படங்கள் எடுபடவில்லை. சேர்த்த செல்வமும் கரைந்தது. நோயுற்று, 1959 நவம்பர் 1 அன்று, நாம் அனைத்துப் புனிதர் பெருவிழா கொண்டாடும் நாளில், சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் காலமானார். அப்போது அவருக்கு வயது 49.